அகலமான கூடாரம்

தம்பிக்கு,

நெமிலிச்சேரில நம்ம குடிசை நிக்கிற எடத்துக்கு என் பேர்ல பட்டா வந்துட்ச்சி.

அதுக்கு தாலுக்கா ஆபீஸ்ல, நான் இருளச்சின்னு காட்ட ரத்த சொந்தம் ஒருத்தரோட சாதி சர்ட்டிபிகேட் கேட்டாங்க. "இருளர்னா பாம்பு புடிச்சிக் காட்டேன்"னு கிளார்க்கு சிரிச்சான். நீ வரமாட்டன்னு நெனச்சேன். ஆபீஸ் சட்டையோட வந்து, உன் சர்ட்டிபிகேட்டை மேசையில வெச்சி, "இது எங்க அக்கா, நானும் இருளர்தான்"னு சத்தமா சொன்ன.

நாம இருளர்னு அம்பத்தூர் ஃபிளாட்ல யாருக்கும் தெரியக்கூடாதுன்னு எட்டு வருசமா என்னை ஊட்டுப் படி ஏறவிடாதவன் நீ. அன்னிக்கு ஊட்டுக்கு வந்ததும் பழைய புடவைங்களை எல்லாம் எடுத்துப் போட்டேன்.

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடக்கரையில நம்ம சாமி கன்னிம்மாவைக் கும்பிட நாம போடற புடவைக் கூடாரத்தை இந்த வருசம் அகலமா தெச்சிகினு கீறேன். உன் பொண்டாட்டியையும் கூட்டிகினு வா. யாருகிட்ட போறோம்னு சொல்லியே கூட்டிகினு வா.

உன் அக்கா