கொடை நோட்டீசும் என் லினக்ஸ் பெட்டியும்

7 மார்ச் 2026
லினக்ஸ் போட்டு இரண்டு மாதமாகிறது. பழைய விண்டோஸுக்கு இனிப் பாதுகாப்பு கிடையாதாம், புதியது என் கம்ப்யூட்டரில் ஏறாதாம். நன்றாக ஓடுகிற பெட்டியைக் குப்பையில் போடவா? வீடியோ பார்த்துப் பார்த்து நானே லினக்ஸ் ஏற்றினேன். திணறல் இல்லை, வைரஸ் இல்லை. கல்யாணப் பத்திரிகை, வயசுக்கு வந்த பிள்ளைகளின் சடங்குப் பத்திரிகை எல்லாம் வீட்டிலிருந்தே வடிவமைக்கிறேன்.

இன்று அம்பாசமுத்திரத்தில் அச்சகம் வைத்திருக்கும் அருமைநாயகம் அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். "சும்மா கெடைக்கா? திருட்டுச் சாமானா இருக்கப் போவுதும்மா. நாளைக்குப் போலீசு கீலீசுன்னு வந்திரப் போவுது."

திருட்டாம்!

12 மார்ச்
எங்கள் ஊர்க் கோவில் பங்குனிக் கொடைத் திருவிழா நோட்டீஸ் வேலை எனக்கு வந்திருக்கிறது! அச்சடிப்பது அண்ணாச்சி. விக்கிரமசிங்கபுரம் முழுக்க ஒட்டுவார்கள். நன்றாக அமைந்தால் வருஷம் பூரா வேலை வரும். சொதப்பினால் அதோடு சரி.

15 மார்ச்
ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. நான் அனுப்பிய ஃபைலில் எழுத்தெல்லாம், அண்ணாச்சி பக்கம் அமைக்க வைத்திருக்கும் பழைய பேஜ்மேக்கரில் கட்டம் கட்டமாகத் தெரிகிறதாம். அந்த பேஜ்மேக்கர் என் லினக்ஸில் ஓடாது. சரி என்று பிடிஎஃப் அனுப்பினேன்.

"அடிக்கலாம்மா. ஆனா கமிட்டிக்காரவுக வந்து பேரு மாத்தச் சொல்லுவாவளே, அத நான் எதுல மாத்த?"

அது வாஸ்தவம். நோட்டீஸ் மெஷினில் ஏறும்வரை பணம் கொடுத்தவர்கள் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். பம்பாய் மருமகன் விட்டுப்போயிருப்பார், அண்ணன் பெயர் தம்பிக்குக் கீழே போயிருக்கும். சண்டையெல்லாம் அச்சகத்தில் நின்றுதான் நடக்கும். போனில் சொல்லுங்கள், உடனே திருத்தி அனுப்புகிறேன் என்றேன். கண் முன்னால் மாற்றினால்தான் நம்புவார்களாம்.

"பேசாம பழையதையே போட்டுத் தொலையேன், எதுக்குக் கெடந்து சாவுத?" என்கிறார் இவர். மில்லில் ஷிப்ட் முடித்து வந்த மனுஷனிடம் சண்டை போடக் கூடாதுதான். போட்டேன்.

16 மார்ச்
தூக்கினேன் பெட்டியை. போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு அம்பாசமுத்திரம் அச்சகத்துக்குப் போனேன். குழந்தையா என்று எட்டிப் பார்த்தாள் ஒருத்தி.

அண்ணாச்சியின் மானிட்டரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கமிட்டித் தலைவர் சிவசண்முகம் மாமா பின்னால் நின்று சொல்லச் சொல்லப் பெயர்களை மாற்றினேன். மூன்று சண்டை, ஒரு சமாதானம். கடைசியில், "எழுத்து பளிச்சுன்னு இருக்கு வே" என்று அண்ணாச்சியிடம் சொன்னார். செய்தவள் நான். என்னிடம் சொன்னால் வாய் வலிக்குமா?

27 மார்ச்
பஸ் ஸ்டாண்ட் சுவரெல்லாம் என் நோட்டீஸ். நின்று பார்த்தேன். ஒரு பிழை இல்லை.

30 மார்ச்
அண்ணாச்சி போன். "ரெண்டு சடங்குப் பத்திரிகை வந்திருக்கும்மா. பெட்டியத் தூக்கிட்டு வந்திரு."

ஒவ்வொரு தடவையுமா? நான் என்ன சுமைகூலிக்காரியா? உங்கள் கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் போட்டுத் தருகிறேன், ஒரு பைசா வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

"அதெல்லாம் நமக்கு எதுக்கும்மா."

இடுப்பு இன்னும் வலிக்கிறது.

4 ஏப்ரல்
இனிச் சுமக்க முடியாது, பழையதையே போட்டுவிடலாம் என்று கடைசியாக ஒரு முறை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அண்ணாச்சி மேசை டிராயரைத் திறந்து ஒரு பென் டிரைவ் எடுத்து என் பெட்டியில் மாட்டினார். பழைய விண்டோஸ், பேஜ்மேக்கர், எழுத்துரு, எல்லாம் அதிலேயே இருந்தது. லினக்ஸை அழித்துவிட்டு அதையெல்லாம் ஏற்றினார்.

"எங்க வாங்குனீங்க அண்ணாச்சி?"

"வாங்கவா? எல்லார்கிட்டயும் இதான்மா இருக்கு" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து இரண்டு பத்திரிகையையும் பேஜ்மேக்கரிலேயே முடித்து அனுப்பினேன். அச்சகத்தில் சரியாகத் திறந்ததாம். போலீஸைப் பற்றி இன்று யாரும் பேசவில்லை.