அண்ணி அறைந்த கார்க்

திண்டிவனம், 1938 டிசம்பர் 20, செவ்வாய்.

கோபம் இன்னும் ஆறவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நான் போட்ட திராட்சை வைன் நுரைத்துக்கொண்டிருந்தது. அதனால்தான் பாட்டில்களின் வாயில் துணி மட்டும் கட்டி, காற்றுப் போக விட்டிருந்தேன். நேற்று விழுப்புரத்திலிருந்து வந்த அண்ணி, என் வீட்டுக்காரரின் அக்கா, பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாடி இது, காயத்துக்குக் கட்டு போட்ட மாதிரி? வர்றவங்க பாத்தா சிரிப்பாங்க."

நான் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் கார்க் வாங்கிவந்து, எல்லாப் பாட்டிலிலும் குழவிக்கல்லால் அறைந்து, மெழுகும் உருக்கி ஊற்றிவிட்டார். பாட்டில் போதாமல் மீதி வைனை ஊற்றி வைத்திருந்த ஊறுகாய் ஜாடி மட்டும் தப்பியது. அதன் அகன்ற வாய்க்கு எந்தக் கார்க்கும் பொருந்தவில்லை.

இன்று மத்தியானம் பாட்டில்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. பண்டிகைக்கென்று சுண்ணாம்பு அடித்த சுவரெல்லாம் சிவப்பு. ஆராதனை முடிந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இனி எதைக் கொடுப்பேன்? அண்ணி அசையவே இல்லை.

"பாட்டிலு சரியில்ல. புதுச்சேரி பாட்டிலா வாங்கியிருந்தா இப்படி ஆவுமா?"

அத்தனையும் புதுச்சேரி பாட்டில்கள்தான்!

வீட்டுக்காரராவது தட்டிக் கேட்பார் என்று பார்த்தால், சுவரைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார்: "வுடு. ஜாடியில இருக்கறத அக்காவுக்குக் குடுத்தனுப்பு. வெறுங்கையா போவக் கூடாது."

கொடுக்கிறேன். ஜாடியில் இன்னும் நுரை அடங்கவில்லை. வேறொரு பாட்டில் தேடி அதில் ஊற்றி, மிச்சமிருக்கும் கார்க்கை நானே அறைந்து, மெழுகும் வைத்துத் தருகிறேன். விழுப்புரம் வரை ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு போகட்டும்.