இன்னும் கொஞ்சம் மடி

பாலிகஞ்ச்,
ஆவணி வெள்ளிக்கிழமை

சௌபாக்கியவதி மீராவுக்கு வசுமதி அத்தை மனசார ஆசீர்வாதம் பண்ணி எழுதுவது. பெருமாள் தயவில் நானும் உன் அத்திம்பேரும் நரேனும் சௌக்கியம். நீயும் வயிற்றில் இருப்பதும் அனிர்பன் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க தினமும் விளக்கேற்றிக் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நரேன் இதைப் போட்டோ எடுத்து அனுப்புவான்.

நீ அவனுக்கு அனுப்பிய மெசேஜைக் காட்டினான். "அத்தையோட பஸ் பாட்டு வேணும், குழந்தைக்கு" என்று ஒரு வரி. ஐந்து வருஷத்தில் என்னைப் பற்றி நீ எழுதிய முதல் வரி. கண்ணாடி இல்லை என்று பொய் சொல்லி, இரண்டு தடவை படிக்கச் சொன்னேன்.

நாலு வயதில் எங்களிடம் வந்த புதிதில் நீ தூங்கவே மாட்டாய். உனக்காக நானே கட்டிய பாட்டு அது. பாலிகஞ்சில் தாயார் ஏறுவாள், கரியாஹாட்டில் பெருமாள் ஏறுவார். கண்டக்டர் டிக்கெட் கேட்டால் இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவார்கள். கிடர்பூர் வருவதற்குள் நீ தூங்கிவிடுவாய்.

நரேன் வீட்டிலேயே ரிக்கார்டிங் வேலை செய்கிறானே, அவனிடமே பாடித் தருகிறேன் என்றேன். குளித்து, யார் கையும் படாத மடிப்புடவை கட்டிக்கொண்டு, பூஜை ரூமில் உட்கார்ந்து பாடினேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அம்மா, குரல் மடியா இருக்கு" என்றான். எனக்கு ஒரே பெருமை. ஸ்நானம் பண்ணிவிட்டு வந்தவள் குரல் வேறு எப்படி இருக்கும்? "இல்லம்மா, ரொம்ப மடி. கொறைச்சே ஆகணும்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. "உங்க மீரா அக்கா சொல்லிக் குடுத்தாளாடா?" என்று கத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். இரண்டு நாள் பாடவில்லை.

மூன்றாம் நாள் காபியோடு வந்தான். "ஐயோ அம்மா, உன்னோட மடி இல்ல, இங்கிலீஷ் மடி! சேறு! மழை விட்டப்புறம் ரோட்ல தண்ணி கலங்கி நிக்குமே, அந்த மாதிரி குரல் தெளிவா இல்லேன்னேன்" என்று சொல்லிச் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். நானும் சிரித்தேன். இந்தச் சத்தக்காரர்களுக்குப் படியும் கிடையாது, தராசும் கிடையாது போலிருக்கிறது. வாய்க்கு வந்ததுதான் அளவு. 'வார்ம்' என்றான், ஜுரமோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். "இன்னும் காத்து வேணும்" என்றான், ஃபேனைப் போட்டேன். தலையில் அடித்துக்கொண்டான்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அப்புறம் சிரிப்பு வரவில்லை, மீரா.

நீ மாப்பிள்ளையை முதல்முதலாக அழைத்து வந்த அன்று நல்ல மழை. தண்ணீர் குடித்த டம்ளரை வைக்க அவர் சமையலறைக்குள் வந்தார். "மடி, மடி!" என்று கத்தினேன். தமிழ் தெரியாத மனுஷர், குனிந்து தன் காலைப் பார்த்தார். வெளியே போய்க் கால் கழுவிக்கொண்டு வந்து, சிரித்தபடி மறுபடியும் வாசற்படியில் நின்றார். நான் மறுபடியும் அதையே சொன்னேன். அவர் எதிரிலேயே அந்த டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்தேன். எதற்காகக் கால் கழுவினார் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. புரிய ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது.

பூஜை ரூம் சின்னது, சுற்றிலும் டைல்ஸ், குரல் முட்டி முட்டித் திரும்புகிறது, மெத்தையும் புஸ்தகமும் நிறைந்த இடம்தான் வேண்டும் என்றான் நரேன். அப்படி இந்த வீட்டில் இருப்பது உன் ரூம்தான். திறந்தோம். எல்லாம் நீ வைத்த மாதிரியே இருக்கிறது. மெத்தையில் உட்கார்ந்தால் மடி போய்விடும். போகட்டும் என்று உட்கார்ந்தேன். தலையணையை மடியில் போட்டுக்கொண்டேன்.

மத்தியான மழை, தூரத்தில் ஸ்டேஷனில் ரயில். கண்ணை மூடிப் பாடினேன். அப்புறம் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டான். அந்தக் குரல் என்னுடையது மாதிரியே இல்லை. முப்பது வயதுப் பெண் ஒருத்தி பக்கத்து ரூமில் பாடுகிற மாதிரி இருந்தது. அந்த ரூமில் நீ இருந்தாய். ஈரத் தலை, கையில் என் முந்தானை நுனி. பஸ் ஓடிக்கொண்டே இருந்தது, மழைத் தண்ணீருக்கு மேலே, சக்கரம் தரையில் படாமல். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. நரேன் தோளைத் தொட்டான்.

கிடர்பூருக்கு அப்புறம் பாட்டு எங்கே போகும் என்று உனக்குத் தெரியாது. முழுசாகக் கேட்டதே இல்லையே நீ. இந்தத் தடவை கடைசி வரைக்கும் பாடியிருக்கிறேன். பஸ் வளைந்து வீட்டுக்குத்தான் திரும்பும். வாசற்கதவு திறந்திருக்கும். பெருமாள் சேற்றுக் காலோடு நேரே சமையலறைக்குள் வருவார், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அந்த அடி மட்டும் புதிது.

அந்த டம்ளர் இப்போது என் சமையல் மேடையில்தான் இருக்கிறது. அதில்தான் காபி குடிக்கிறேன். மாப்பிள்ளையிடம் சொல்லு. எப்படிச் சொல்லவேண்டும் என்று உனக்குத் தெரியும்.

நரேன் எல்லாவற்றையும் சரிபண்ணிவிட்டானாம். இன்னும் கொஞ்சம் மடி மிச்சமிருக்கிறது, அதையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டான். எடுக்காதே, இருக்கட்டும் என்றேன். குழந்தை வந்தால் படுத்துக்கொள்ள வேண்டாமா?

சுகப்பிரசவமாகி, மூன்று பேராக வரவேண்டும். பெருமாள் கூட வருவார்.

வழி பார்த்துக்கொண்டிருக்கும்,
வசுமதி அத்தை