மேலே இருந்த காலிக் கட்டம்

ஞாயிறு இரவு, திருக்கோகர்ணம்.

என் மனைவி செல்வி, வலைப்பக்கம் எழுதும் எச்டிஎம்எல் கற்க ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. எங்கள் பாப்பாவின் காதணி விழா அழைப்பை வலைப்பக்கமாக அவளே செய்திருந்தாள். போனில் திறந்தால் பாதி எழுத்து திரைக்கு வெளியே ஓடியது. மதியம் அவள் தூங்கும்போது அவள் போட்டிருந்த டேபிள் கட்டங்களை எடுத்துவிட்டு, போன் திரைக்குத் தக்கபடி அமையும் சிஎஸ்எஸ் கிரிட்டில் ஒழுங்காக அடுக்கினேன். மேலே ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. வலைத்தளம் செய்வது என் வேலை; காலிக் கட்டத்தை அழிப்பது அதில் வந்த பழக்கம், அழித்தேன். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினேன், அவள் அண்ணனுக்கும் சேர்த்து. பிறகுதான் அவளிடம் காட்டினேன்.

"மேல இருந்த கட்டம் எங்கங்க?"

"அது காலியாத்தானே கெடந்துச்சு?"

"தாய்மாமன் பேரு போடுற எடங்க அது. சொத்துப் பாகம் பிரிச்சதுலேருந்து அண்ணன் பேசுறதில்ல. கேக்காம எப்புடிப் பேரப் போடுறது? எடத்தப் பாத்தாச்சும் அண்ணன் போன்ல கூப்புடும்னு விட்டு வச்சிருந்தேன்."

இரவு அவள் சாப்பிடவில்லை.

கட்டத்தைத் திரும்ப வைத்துவிட்டேன். இப்போது திறந்தால் இருக்கும். ஆனால் மச்சான் சாயங்காலமே பார்த்துவிட்டார், நீல டிக் விழுந்திருக்கிறது. தாய்மாமனுக்கு இடமே இல்லாத அழைப்பைப் பார்த்தவர், அதை இன்னொரு தடவை ஏன் திறக்கப்போகிறார்?