ஆறு வயதுத் தலைக்குப் பட்டத் தலைப்பாகை

1956, ஐப்பசி 14

மற்ற சமஸ்தானமெல்லாம் டெல்லியோடு சேர்ந்தாகிவிட்டது. எங்கள் பாளையத்துக்கு மட்டும் இன்னும் ராஜா உண்டு. என் மகன்தான். ஆறு வயது. அவன் அப்பா இறந்தபின் அவன் பெயரில் நான் ஆள்கிறேன்.

நாளை முறைப்படி பட்டம் கட்டுகிறோம். தகப்பனின் தலைப்பாகையோடு முருகன் கோயிலை மூன்று சுற்று வர வேண்டும். யாரும் அதைத் தொடக் கூடாது. தலைப்பாகை விழுந்தால் ஆட்சி கொழுந்தனார் கைக்குப் போய்விடும். அவர் மறுநாளே டெல்லியோடு இணைப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

இன்று ஒத்திகையில், இரண்டாம் சுற்றிலேயே விழுந்துவிட்டது. கொழுந்தனார் எடுத்துத் தூசி தட்டினார். தன் தலைக்கு அளவு பார்ப்பவர்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சின்னத் தலைங்க அண்ணி. அதுக்கு எதுக்குங்க இத்தனை பாரம்?"

"தலை வளருமுங்க" என்று வாங்கிக்கொண்டேன்.

தலைப்பாகையை வெட்டிச் சிறிதாக்கும் வழக்கம் இல்லை. உள்ளே தைக்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. வேலம்பாளையம் பனியன் கம்பெனியிலிருந்து கழுத்துப் பட்டித் துணி வரவழைத்தேன். எந்தத் தலைக்கும் இழுபட்டு இறுக்கிப் பிடிக்கும். உள்விளிம்பில் நானே தைத்தேன்.

தூங்கப் போனவனுக்கு மாட்டிவிட்டு, குதிக்கச் சொன்னேன். தலைப்பாகை அசையவில்லை.

"கழட்டவே வர்லீங்கம்மா" என்றான்.

இழுத்துத்தான் கழற்றினேன். நெற்றியைச் சுற்றிச் சிவப்பாகத் தடம். தேங்காய் எண்ணெய் தடவியதும் தூங்கிவிட்டான்.

தையலை நான் தளர்த்தவில்லை.