சூரியனின் சத்தம் எங்கே பிறக்கிறது என்று நீ கேட்டாய்

இன்று காலை பேருந்து மரக்காணம் உப்பளத்தைத் தாண்டியபோது, உப்புநீர் வாடையும் தண்ணீர் இறைக்கும் இன்ஜினின் டீசல் புகையும் ஜன்னல் வழியே சேர்ந்து வந்தன. உன் புடவையில் எப்போதும் இருந்த வாடை அது. புதுச்சேரியில் நான் பாடம் நடத்தும் கல்லூரி வரும்வரை உன்னையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் வகுப்பில் மூளைக்காய்ச்சல் வந்து உனக்குக் காது போயிற்று. நீ உப்பளத்து வேலைக்குப் போனாய். உன் பக்கத்தில் உட்கார்ந்து படித்த நான் இயற்பியல் படிக்கச் சென்னைக்குப் போனேன். பேச்சு உன்னை விட்டுப் போகவில்லை. எதிரில் இருப்பவரின் வாயசைவைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்வாய்.

ஒரு பங்குனி விடுமுறையில், உப்பு வாரிக்கொண்டே, சென்னையில் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று கேட்டாய். சூரியனில் எழும் ஒலி அலைகளைப் பற்றி என்று உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, உனக்குப் புரியாது என்றேன். சொன்னது உனக்குத் தெரியவில்லை, திருப்பிக்கொண்டது தெரிந்தது. இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் நானே உப்பளத்துக்கு வந்து மன்னிப்புக் கேட்டேன்.

"மூஞ்சத் திருப்பிக்கினு பேசுனா எனக்கு எப்படிடி தெரியும்? இப்ப சொல்லு" என்றாய்.

சொன்னேன். சூரியனின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வாயு உலைநீர் மாதிரி கொதித்து ஏறுவதும் ஆறி இறங்குவதுமாக இருக்கிறது. அந்தக் கொந்தளிப்பில்தான் ஒலி பிறக்கிறது. அது உள்ளுக்குள்ளேயே ஓடித் திரும்பி, சுமார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மேற்பரப்பை ஏற்றி இறக்குகிறது. சூரியனுக்கும் நமக்கும் நடுவில் காற்று இல்லாததால் நம்மிடம் வந்து சேராது. தொலைநோக்கியில் அந்த அசைவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.

"அப்ப உங்க ஆளுங்க யாருமே அதக் காதால கேக்கலையா?"

"இல்லடி. பாத்துதான்."

வெகுநேரம் சிரித்தாய். பிறகு, "இன்னும் அடியிலேர்ந்து வரலன்னு எப்படிச் சொல்ற?" என்று கேட்டாய்.

தெரியலடி என்றேன். உன் கோபம் அப்போதுதான் முழுதாகத் தீர்ந்தது. உப்பு வாரும் பலகையை என் கையில் கொடுத்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாய்.

போன ஐப்பசியில் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. அதன் பிறகுதான், சூரியனில் பெரிய வெடிப்பு நேரும்போது சில அலைகள் மேற்பரப்புக்கு வெகு கீழேயிருந்தும் கிளம்பக்கூடும் என்று படித்தேன். சொல்ல நீ இல்லை. வகுப்பில் சொன்னேன். இந்தக் கேள்வியை முதலில் என்னிடம் கேட்டவள் உப்பளத்தில் வேலை செய்த என் சிநேகிதி என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

கரும்பலகையில் எழுதும்போது இப்போதெல்லாம் நான் பேசுவதில்லை. எழுதி முடித்து, பிள்ளைகள் பக்கம் முகத்தைத் திருப்பிய பிறகே வாயைத் திறக்கிறேன்.