கணவன் கையெழுத்து

அத்தான்,

வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தும் பதில் இல்லை. அதனால்தான் கடிதம்.

தென்காசியில், ஜெர்மனிக்குப் போகும் நர்சுகளுக்கான வகுப்பில் நேற்று Bad என்று ஒரு சொல் வந்தது. ஆங்கிலத்தில் 'பேட்' என்று வாசித்தால் கெட்டது. அதே மூன்றெழுத்து ஜெர்மனில் 'பாட்', குளியல். வேரே வேறாம். "அப்ப குற்றாலத்துல எல்லாரும் பேட்தான் டீச்சர்" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரூபி.

வீட்டில் சொன்னபோது அத்தை சிரிக்கவில்லை. "ஏட்டி, கண்ட சீமைக் கிழவனுவளக் குளிப்பாட்டவா நர்சு படிச்சே?" என்றார்கள். அப்போது அவர்கள் முதுகுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு இடுப்பு முறிந்த இந்த ஆறு மாதமாக நான்தானே குளிப்பாட்டுகிறேன்.

ஏஜென்சியில் கணவனின் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம். கூடப் படிக்கும் பென்னியிடம் மனைவியின் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை. உங்களுக்குப் படிவத்தை மூன்று முறை அனுப்பினேன். இன்று கடைசி நாள்.

உங்கள் கையெழுத்தை நானே போட்டுக் கொடுத்துவிட்டேன். மார்ச்சில் கிளம்புகிறேன். அத்தையைக் குளிப்பாட்ட அதற்குள் நீங்கள் வந்துவிடுங்கள்.

உங்கள் மனைவி